வென்று வந்த தளபதிகளை ஏதென்ஸ் ஏன் கொன்றது?

நண்பர் கேட்டிருப்பது இது: "கி.மு. 406-இல் அர்கினுசே கடற்போரில் ஸ்பார்ட்டாவை வென்ற தளபதிகளை ஏதென்ஸ் மக்களே விசாரித்துக் கொன்றார்களாமே, உண்மையா? உண்மையென்றால், மக்களாட்சியால் ஒரு போரை நடத்த முடியாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?" முதல் பாதிக்கு விடை எளிது. உண்மைதான். எட்டுத் தளபதிகளுக்கு மரண தண்டனை விதித்தார்கள். அவர்களில் ஊர் திரும்பியிருந்த ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். இரண்டாம் பாதியில்தான் உங்கள் உண்மையான கேள்வி இருக்கிறது. போர்த் தலைவனை உட்கார வைத்துக் கணக்குக் கேட்கும் உரிமை சாதாரண மக்கள் கையில் இருந்தால் அந்த ஊர் உருப்படுமா என்பதே நீங்கள் கேட்பது. கல்லூரியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பண்டைய கிரேக்க வரலாறு நடத்தியவன் நான். ஒவ்வோர் ஆண்டும் இந்த இடம் வரும்போது வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். தொடக்கத்தில் நானும் உங்கள் பக்கம்தான் இருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

ஏதென்ஸில் பெரும்பாலான பதவிகளுக்குக் குலுக்கல் முறையில் ஆள் எடுத்தார்கள். ஐந்நூற்றுவர் அவைக்கும் குலுக்கல், நீதிமன்ற நடுவர்களுக்கும் குலுக்கல். ஆனால் போரைக் குலுக்கலுக்கு விடும் அளவுக்கு அவர்கள் அறியாதவர்கள் அல்லர். ஆண்டுக்குப் பத்துத் தளபதிகளை மக்கள் மன்றத்தில் கை தூக்கித் தேர்ந்தெடுத்தார்கள். குலுக்கல் பதவிகளில் பெரும்பாலானவற்றில் ஒருவரே திரும்பத் திரும்ப அமர முடியாது. தளபதிப் பதவிக்கு அந்தத் தடை இல்லை. பெரிக்கிளிஸ் ஆண்டுக்கு ஆண்டு தேர்ந்தெடுக்கப்பட்டு ஊரை நடத்தியது இந்தப் பதவியில் இருந்துகொண்டுதான். பத்துப் பேரும் சம அதிகாரம் உடையவர்கள், ஒருவருக்கு மேல் ஒருவர் கிடையாது. இந்தச் செய்தியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அதிகாரத்தை இப்படிக் கொடுத்தவர்கள் அதன் கடிவாளத்தைத் தங்கள் கையிலேயே வைத்திருந்தார்கள். ஆண்டு முடிவில் ஒவ்வொரு தளபதியும் கணக்கு ஒப்படைக்க வேண்டும். பதவியில் இருக்கும்போதே மன்றம் அவரை நீக்கலாம், வழக்குத் தொடுக்கலாம். கி.மு. 430-இல், கொள்ளைநோயும் ஸ்பார்ட்டாவின் படையெடுப்பும் சேர்ந்து வாட்டிய நேரத்தில், பெரிக்கிளிஸையே பதவியிலிருந்து இறக்கி அபராதம் விதித்தார்கள். வெகு விரைவில் அவரையே திரும்பவும் தேர்ந்தெடுத்தார்கள். கி.மு. 424-இல் ஆம்பிபோலிஸ் நகரைக் காப்பாற்றத் தவறிய துசிடிடிஸ் இருபது ஆண்டுகள் நாடு கடந்து வாழ நேர்ந்தது. ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் நடந்த இந்தப் பெலொப்பொனேசியப் போரின் தலைசிறந்த வரலாற்றை எழுதியவர் அவர்தான். இரு தரப்பிலும் விசாரித்து எழுத அந்த நாடுகடத்தலே தமக்கு ஓய்வு கொடுத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். உங்கள் வாதத்துக்கு வலுச் சேர்க்கும் சான்று ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கி.மு. 413-இல் சிசிலியில் படை நலிந்து கிடந்தபோது, திரும்பிவிடலாம் என்று உடனிருந்த தளபதி சொல்லியும் நிக்கியாஸ் மறுத்தார். ஊரில் போய் அநியாயமாகத் தண்டனை பெற்றுச் சாவதைவிட எதிரி கையால் சாவது மேல் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. அந்தத் தாமதத்தில் படை முழுவதும் அழிந்தது. கணக்குக் கேட்கும் ஊர் தன் தளபதியை அச்சுறுத்தித் தவறான முடிவுக்குத் தள்ளக்கூடும் என்பதற்கு அர்கினுசேயைவிட இதுவே தெளிவான சான்று.

இனி அர்கினுசேக்கு வருவோம். கி.மு. 406-இல் ஏதென்ஸின் நிலை பரிதாபமாக இருந்தது. தளபதி கோனோனைக் கப்பல்களோடு லெஸ்போஸ் தீவின் மிட்டிலீன் துறைமுகத்தில் ஸ்பார்ட்டாவின் கல்லிக்ராட்டிடாஸ் முற்றுகையிட்டு அடைத்துவிட்டார். செய்தி வந்ததும் முப்பதே நாளில் 110 கப்பல்களைக் கடலில் இறக்கினார்கள். மூன்று அடுக்காகத் துடுப்புப் போடும் அந்தக் கப்பல் ஒவ்வொன்றுக்கும் 170 துடுப்பாளர்கள், மற்றவர்களையும் சேர்த்தால் ஏறத்தாழ 200 பேர் வேண்டும். 110 கப்பல்களுக்கு 22,000 பேர்! அத்தனை ஆள் ஊரில் இல்லை. வயது வந்தவர்கள் எல்லோரையும் ஏற்றினார்கள். குதிரை வைத்திருந்த செல்வர்களில் பலர் துடுப்புப் பலகையில் உட்கார்ந்தார்கள். அடிமைகளையும் ஏற்றினார்கள், அவர்களுக்கு விடுதலையும் குடியுரிமையும் கிடைத்தன. அடுத்த ஆண்டு மேடையேறிய ஒரு நகைச்சுவை நாடகத்தில், ஒரே ஒரு கடற்போரால் அடிமைகள் எசமானர் ஆனதைப் பற்றிய பேச்சே வருகிறது. ஏதென்ஸின் கோயில் குன்றான அக்ரோபோலிஸில் இருந்த வெற்றித் தேவதையின் பொற்சிலைகளை உருக்கி நாணயம் அடித்ததும் இந்தக் காலத்தில்தான். ஓர் ஊர் தன்னிடம் இருந்த கடைசிப் பொன்னையும் கடைசி ஆளையும் அள்ளிக் கப்பலில் போட்டது என்றே சொல்ல வேண்டும்.

கூட்டாளி நகரங்களின் கப்பல்களும் சேர்ந்து 150-க்கு மேல் ஆயின, எதிரிக்கு 120. ஆனால் ஏதெனியத் துடுப்பாளர்களில் பலர் புதியவர்கள். ஒரு காலத்தில் எதிரி வரிசையை ஊடுருவித் திரும்பித் தாக்குவதில் பெயர் பெற்ற கடற்படை, இப்போது எதிரி அதையே தனக்குச் செய்துவிடாதபடி இரட்டை வரிசையில் நின்றது. சண்டை நெடுநேரம் நடந்தது. கல்லிக்ராட்டிடாஸ் கடலில் விழுந்து மறைந்தார். ஸ்பார்ட்டா அணி எழுபது கப்பல்கள் அளவுக்கு இழந்தது, ஏதென்ஸ் 25.

சண்டை முடிந்ததும் தளபதிகள் கூடிப் பேசினார்கள். அங்கே இருந்தவர்கள் எட்டுப் பேர், எல்லோரும் சமம். உடைந்த கப்பல்களையும் அவற்றைப் பற்றிக்கொண்டு மிதக்கும் ஆட்களையும் மீட்க எல்லோரும் போகலாம் என்றார் டியோமிடோன். இல்லை, எல்லாக் கப்பல்களும் உடனே மிட்டிலீனுக்குப் போய் முற்றுகையை உடைக்க வேண்டும் என்றார் எராசினிடிஸ். கப்பல்களைப் பிரித்து இரண்டையும் செய்வோம் என்றார் திராசில்லஸ். அதுவே முடிவாயிற்று. 47 கப்பல்களை மீட்புக்கு ஒதுக்கி, அந்தப் பொறுப்பைக் கப்பல் தலைவர்களாக வந்திருந்த தெரமெனிஸ், திராசிபூலஸ் ஆகியோரிடம் விட்டார்கள். இருவரும் முன்பு தளபதியாக இருந்தவர்கள், திறமைசாலிகள். பிறகு புயல் வந்தது. மீட்பும் நடக்கவில்லை, மிட்டிலீனுக்கும் போக முடியவில்லை. கடலில் கிடந்தவர்கள் கடலோடு போனார்கள். 25 கப்பல்களிலும் முழு ஆள்பலம் இருந்தது என்று கணக்கிட்டால் 5,000 பேர் வரும். உண்மையில் எத்தனை பேர் மாண்டார்கள் என்று எந்தப் பழைய நூலும் எண்ணிச் சொல்லவில்லை. சிலர் கரை ஒதுங்கினார்கள் என்பது மட்டும் தெரிகிறது.

இதுவரை சொன்னதில் பெரிய சிக்கல் இல்லை. இதற்குப் பிறகு நமக்கு இரண்டு சாட்சிகள், இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ஒருவர் ஜெனோபோன், அந்தக் காலத்தில் வாழ்ந்த ஏதெனியர், சாக்ரடீஸோடு பழகியவர், மக்களாட்சியின் மேல் பெரிய பற்று இல்லாதவர். மற்றவர் டியோடோரஸ், முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு பழைய நூல்களைத் தொகுத்து எழுதியவர். ஜெனோபோன் கணக்கில் குற்றம், உயிரோடு மிதந்தவர்களைக் கைவிட்டது. டியோடோரஸ் கணக்கில், இறந்தவர்களின் உடல்களை எடுத்து வராதது. ஜெனோபோன் சொல்லும் கதையில் தெரமெனிஸ் வஞ்சகர். டியோடோரஸ் கதையில் அவர் தற்காப்புக்காகத் திருப்பி அடித்தவர். தளபதிகள்தாம் முதலில் அவர்மேல் பழி போட்டு ஊருக்குக் கடிதம் எழுதினார்கள். ஜெனோபோன் தரும் வடிவமோ நெஞ்சைப் பிசைவது. மீட்புப் பொறுப்பு யாரிடம் இருந்தது என்பதையும் கடிதத்தில் எழுதிவிடலாம் என்று தளபதிகள் நினைத்தார்களாம். இருவரையும் காட்டிக்கொடுத்தது போல ஆகிவிடும் என்று டியோமிடோனும், பெரிக்கிளிஸின் மகனான இளைய பெரிக்கிளிஸும் தடுத்தார்களாம். ஆகவே கடிதத்தில் புயல் மட்டுமே காரணமாக இருந்தது. பிறகு அதே கடிதத்தைத்தான் தெரமெனிஸ் அவர்களுக்கு எதிராக மன்றத்தில் எடுத்துக் காட்டினார். இந்த இரண்டில் எது நடந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

மன்றம் தளபதிகளைப் பதவி நீக்கி வரவழைத்தது. இருவர் ஆபத்தை உணர்ந்து ஊருக்கே வரவில்லை. வந்த ஆறு பேர் இளைய பெரிக்கிளிஸ், டியோமிடோன், லிசியாஸ், அரிஸ்டோகிராட்டிஸ், திராசில்லஸ், எராசினிடிஸ். முதல் நாள் கூட்டத்தில் அவர்களுக்குப் போதிய நேரம் கொடுக்கப்படவில்லை. ஆனாலும் சுக்கான் பிடித்தவர்களையும் உடன் வந்தவர்களையும் சாட்சியாக நிறுத்திப் புயலின் கடுமையைச் சொன்னார்கள், மக்களும் இளகினார்கள். பிணை நிற்க நாங்கள் தயார் என்று பலர் எழுந்தார்கள். அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. தூக்கிய கைகளை எண்ண வெளிச்சம் போதவில்லை என்று கூட்டத்தை ஒத்தி வைத்தார்கள். வகுப்பில் இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். இன்னும் அரை மணி வெளிச்சம் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இடையில் அப்பதூரியா என்னும் திருவிழா வந்தது. உறவுக் குடும்பங்கள் எல்லாம் ஒன்றுகூடும் விழா அது. அந்த ஆண்டு எத்தனை வீட்டில் ஆள் குறைந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தலையை மழித்துக் கறுப்பு உடுத்தி மன்றத்துக்கு வந்தவர்கள் தெரமெனிஸ் ஏற்பாடு செய்த பொய்யான துக்கக்காரர்கள் என்கிறார் ஜெனோபோன். உண்மையான உறவினர்களே வந்தார்கள் என்பது டியோடோரஸ் சொல்வது. பொதுவாக நான் ஜெனோபோன் பக்கம் சாய்பவன். இந்த இடத்தில் மட்டும் டியோடோரஸை நம்புகிறேன். ஆயிரக்கணக்கில் ஆளைக் கடலுக்குக் கொடுத்த ஊரில் துக்கக்காரர்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்திருக்காது.

அடுத்த கூட்டத்தில் கல்லிக்செனஸ் என்பவர் ஐந்நூற்றுவர் அவையின் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். இனி விவாதம் வேண்டாம். குடிமக்கள் பிரிவான குலம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு குடம் வைக்கப்படும். குற்றவாளி என்பவர்கள் முதல் குடத்தில் வாக்கைப் போடட்டும், இல்லை என்பவர்கள் இரண்டாம் குடத்தில் போடட்டும். எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே வாக்கு. அப்போது ஒருவர் முன்னால் வந்தார். மாவுத் தொட்டி ஒன்றைப் பற்றிக்கொண்டு மிதந்து உயிர் பிழைத்ததாகச் சொன்னார். ஊருக்காகச் சிறப்பாகப் போரிட்டவர்களைத் தளபதிகள் எடுத்துச் செல்லவில்லை என்று நீ தப்பினால் மக்களிடம் சொல் எனச் சுற்றிலும் மூழ்கிக்கொண்டிருந்தவர்கள் தம்மிடம் சொல்லி அனுப்பியதாகச் சொன்னார். அதற்கு மேல் சட்டம் பேச அங்கே யாருக்குக் காது இருந்திருக்கும்? இது சட்ட மீறல், வழக்குத் தொடுப்போம் என்று எழுந்தவர்களைக் கூட்டம் அடக்கியது. மக்கள் விரும்பியதைச் செய்யவிடாமல் தடுப்பதா என்று பெருங்கூச்சல் எழுந்தது. எதிர்ப்பவர்களையும் அதே வாக்கில் சேர்த்துவிடுவோம் என்ற மிரட்டலுக்குப் பிறகு வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். ஐந்நூற்றுவர் அவையிலிருந்து வந்து கூட்டத்தை நடத்திய தலைமைக் குழுவினரும் முதலில் மறுத்துப் பிறகு பணிந்தார்கள். அறுபது வயது கடந்த ஒருவர் மட்டும் பணியவில்லை. அவர்தான் சாக்ரடீஸ். குலுக்கலில் அந்த ஆண்டு அவைக்கு வந்திருந்தார். அன்றைக்குத் தலைமை இருக்கையில் இருந்தவரே அவர்தான் என்று ஓரிடத்திலும், குழுவில் ஒருவர் என்று இன்னோரிடத்திலும் ஜெனோபோனே மாற்றி எழுதியிருக்கிறார். சட்டத்துக்கு மாறாக நடக்க மாட்டேன் என்று அவர் நின்றது மட்டும் ஐயமில்லாத செய்தி.

பிறகு யூரிப்டொலிமஸ் பேசினார். இளைய பெரிக்கிளிஸ் தம் உறவினர், டியோமிடோன் நண்பர் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுதான் பேசினார். அவர் கேட்டது விடுதலையை அன்று. ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரியுங்கள், குற்றம் சாட்டவும் மறுமொழி சொல்லவும் நேரம் கொடுங்கள் என்பதுதான். அவர் எடுத்துக்காட்டிய ஒரு செய்தி என்னை விட்டு அகலுவதில்லை. அந்தத் தளபதிகளில் ஒருவருடைய கப்பலே மூழ்கிவிட்டது. அவரே நீரில் கிடந்து எப்படியோ பிழைத்தவர். மீட்கப்பட வேண்டியவராக இருந்தவரையும் மீட்கவில்லை என்ற குற்றத்தில் சேர்த்து ஒரே குடத்தில் போடப் போகிறீர்களா என்றார். முன்னே சொன்ன ஆலோசனையை நினைத்துப் பாருங்கள். எல்லோரும் மீட்கப் போவோம் என்றவர் டியோமிடோன், வேண்டாம் என்றவர் எராசினிடிஸ். தனித்தனியே விசாரித்திருந்தால் இருவருக்கும் ஒரே தீர்ப்பு வந்திருக்குமா? முதலில் கை தூக்கியபோது யூரிப்டொலிமஸின் யோசனையே வென்றது. ஒருவர் சத்தியம் செய்து ஆட்சேபம் எழுப்ப, மறுவாக்கு எடுத்தார்கள். அதில் அவையின் தீர்மானம் வென்றது. ஆறு பேரும் மாண்டார்கள். இளைய பெரிக்கிளிஸ், பெரிக்கிளிஸுக்கும் அஸ்பாசியாவுக்கும் பிறந்தவர். தாய் அயலூர்க்காரி என்பதால் தந்தை கொண்டுவந்த சட்டப்படியே குடியுரிமை இல்லாமல் இருந்து, பிறகு இதே மக்களின் தனிச் சலுகையால் குடிமகன் ஆனவர்.

ஏன் இவ்வளவு கோபம்? ஏதென்ஸில் போரில் மாண்டவர்களுக்கு ஆண்டுதோறும் பொதுச் செலவில் ஈமச்சடங்கு நடக்கும். குலத்துக்கு ஒரு பெட்டியாக, சைப்ரஸ் மரப் பெட்டிகளில் எலும்புகள் ஊர்வலமாகப் போகும். அவற்றோடு, விரிப்பு விரித்த கட்டில் ஒன்றை வெறுமையாகத் தூக்கிச் செல்வார்கள். உடல் கிடைக்காதவர்களுக்கான கட்டில் அது. அந்த ஆண்டு அந்த வெற்றுக் கட்டிலின் பின்னால் எத்தனை பேர் நடந்திருப்பார்கள்! துடுப்புப் போட்டவனும் மன்றத்தில் கை தூக்கியவனும் ஒரே ஆள்தான். முப்பது நாளில் கடற்படையைக் கட்டி எழுப்பிய வேகமும், குடத்தில் ஒரே வாக்காகப் போட்ட ஆவேசமும் அந்த ஒரே இடத்திலிருந்து பிறந்தவை. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கியிருக்கலாம் என்று மேசையில் உட்கார்ந்து சொல்வது எளிது.

ஆனாலும் கணக்குக் கேட்டது பிழை என்று நான் சொல்ல மாட்டேன். ஆயிரக்கணக்கானவர்கள் கண்ணெதிரே கடலில் விடப்பட்டார்கள். அதை விசாரிக்காத ஊர் தன் துடுப்பாளர்களை மதிக்காத ஊர். பிழை, தன் சட்டத்தைத் தானே அந்த ஒரு நாள் கழற்றி வைத்தது. தனித்தனி விசாரணைக்கான சட்டம் அவர்களிடமே இருந்தது. மன்றமே நினைவூட்டப்பட்டும் மீறியது. அது அவர்களுக்கே விரைவில் உறைத்தது. மக்களை ஏமாற்றியதாகக் கல்லிக்செனஸ் மீதும் வேறு நால்வர் மீதும் குற்றம் சாட்டினார்கள். அவர்கள் தப்பினார்கள், பிறகு ஊர் திரும்பிய கல்லிக்செனஸ் எல்லோராலும் வெறுக்கப்பட்டுப் பட்டினியில் செத்தார். எதிரி ஸ்பார்ட்டாவைப் பாருங்கள். அங்கே மக்களாட்சி இல்லை. அங்கும் அரசர்களையே விசாரித்தார்கள், கி.மு. 395-இல் அரசர் பௌசானியாஸ் மரண தண்டனைக்குத் தப்பி ஓடினார். கடற்படைத் தலைவரை ஆண்டுக்கொருமுறை மாற்றியே தீர வேண்டும் என்ற சட்டமும் அங்கு இருந்தது. அதனால்தான் லிசாண்டர் இறங்கிக் கல்லிக்ராட்டிடாஸ் வந்தார். ஸ்பார்ட்டாவுக்கு உதவியாக வந்து கையில் மிஞ்சியிருந்த பாரசீகப் பணத்தைப் புதியவருக்கு விடாமல் லிசாண்டர் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்! போர்த் தலைமையில் வரும் அழுக்காறும் அச்சமும் ஆட்சிமுறை பார்த்து வருவதில்லை.

தளபதிகளைக் கொன்றதால்தான் ஏதென்ஸ் தோற்றது என்றும் சொல்வார்கள். இதில் எனக்கு ஐயம் உண்டு. கி.மு. 405-இல் ஏகோஸ்பொட்டாமியில், திறந்த கடற்கரையில் முகாமிட்டிருந்த ஏதெனியக் கடற்படையை லிசாண்டர் ஏறத்தாழ முழுவதும் பிடித்துவிட்டார். இடத்தை மாற்றுங்கள் என்று முன்னாள் ஏதெனியத் தளபதி அல்கிபயடிஸ் வந்து எச்சரித்தும் அங்கிருந்த தளபதிகள் கேட்கவில்லை. கொல்லப்பட்ட ஆறு பேர் இருந்திருந்தால் கேட்டிருப்பார்கள் என்பதற்கு ஆதாரம் ஒன்றும் இல்லை. பாரசீகப் பணம் ஸ்பார்ட்டாவின் பக்கம் வந்துகொண்டிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. கடற்போர் நுணுக்கத்தில் நான் ஆழ்ந்து பயின்றவன் அல்லன், ஆகவே இதற்கு மேல் போக விரும்பவில்லை.

ஒன்று மட்டும் சான்றோடு சொல்ல முடியும். அர்கினுசே நேரத்தில் மிட்டிலீனில் அடைபட்டுக் கிடந்ததால் கோனோன் ஒருவர்தான் அந்த வழக்கிலிருந்து தப்பியவர். ஏகோஸ்பொட்டாமியில் விழிப்போடு இருந்தவரும் அவர்தான். எதிரி வருவதைக் கண்டதும் சில கப்பல்களோடு கடலுக்குள் போய்விட்டார். 'பராலஸ்' என்ற அரசுக் கப்பலை மட்டும் செய்தி சொல்ல ஏதென்ஸுக்கு அனுப்பினார். தம்முடைய கப்பலைச் சைப்ரஸ் தீவின் பக்கம் திருப்பினார். ஏதென்ஸுக்கு அவர் திரும்பப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின, அதுவும் ஸ்பார்ட்டாவின் கடற்படையைக் கினிடஸில் முறியடித்துவிட்டு, இடிந்த மதில்களைக் கட்டப் பாரசீகப் பணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு.